தாயின் தட்டில் சேயின் வாழ்வு: மருத்துவர் லூசி வில்ஸ்

கருவுற்ற பெண் ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றால், எடை பார்த்து, இரத்தப் பரிசோதனை செய்து, கையில் ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். சத்து மாத்திரை என்று நாம் சொல்லும் அந்த ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச் சத்தும், அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. கருவுற்ற காலத்தில் 180 நாட்கள், பிள்ளை பிறந்த பிறகு 180 நாட்கள் இதைச் சாப்பிட வேண்டும் என்பது அரசின் நெறிமுறை. விலையில்லாமல் கிடைப்பதால் இதன் அருமை நமக்குத் தெரிவதில்லை. வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது, பிரிக்கப்படாத அட்டைகள் அலமாரியிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் கிடப்பதை நாம் பார்க்கிறோம்.

அந்த அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலத்துக்குப் பின்னால் ஒரு பெண்ணின் நெடிய உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பு தொடங்கியது நம் நாட்டில். அதுவும் துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைத் தாய்மார்களின் நடுவில். அதன் ஒரு பகுதி நமக்கு அருகிலுள்ள குன்னூரிலும், மற்றொரு பகுதி சென்னைத் திருவல்லிக்கேணியிலும் நடந்தது. நூலும் துணியும் பிழைப்பாக அமைந்த பல்லடம், திருப்பூர் பகுதி மக்களாகிய நாம் லூசி வில்ஸ் என்ற அந்த மருத்துவரின் வாழ்வை அறிந்திருப்பது நல்லது.

லூசி வில்ஸ் 1888ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். அரிவாள் போன்ற வெட்டுக் கருவிகளைத் தயாரிப்பது அவரது தந்தை குடும்பத்தின் தொழில். தாய் வழித் தாத்தா மருத்துவர். அக்காலத்துப் பெண் பிள்ளைகளுக்கு எளிதில் கிடைக்காத நல்ல பள்ளிப் படிப்பு லூசிக்குக் கிடைத்தது. 1907ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் பெண்களுக்கான நியூனம் கல்லூரியில் சேர்ந்து தாவரவியலும் நிலவியலும் கற்றார். 1911ஆம் ஆண்டு தேர்வுகளை முடித்தார். ஆனால் பட்டம் தரப்படவில்லை. பெண்கள் தேர்வு எழுதலாம், பட்டம் பெற முடியாது என்பதே அந்நாளில் கேம்பிரிட்ஜின் சட்டம். 1948ஆம் ஆண்டில்தான் அது மாறியது.

படிப்பு முடிந்த அதே ஆண்டில் தந்தை இறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1913இல், மூத்த சகோதரியும் இளம் வயதிலேயே மறைந்தார். துயரத்தில் இருந்த தாயுடன் லூசி இலங்கைக்குப் பயணம் செய்தார். அடுத்த ஆண்டு தம்பியுடன் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கே இருந்தபோது முதல் உலகப் போர் மூண்டது. கேப் டவுன் நகர மருத்துவமனையில் தன்னார்வச் செவிலியராகப் பணி செய்தார். ஊர் திரும்பியதும் 1915ஆம் ஆண்டு தொடக்கத்தில் இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். 1920ஆம் ஆண்டு, 32ஆம் வயதில், மருத்துவரானார். காலம் கடந்துவிட்டது என்று தயங்கி நிற்பவர்களுக்கு இந்த வயது ஓர் ஆறுதல்.

மருத்துவரான பிறகு அவர் தனியாக மருத்துவமனை வைத்துப் பணம் சேர்க்க முயலவில்லை. இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, கருவுற்ற பெண்ணின் உடலில் ஏற்படும் வேதியியல் மாற்றங்களை ஆராய்ந்தார். வெளியே பெயர் தெரியாத, பொறுமை மட்டுமே வேண்டிய வேலை அது. அந்த அனுபவம்தான் அவரை இந்தியாவுக்கு அழைத்து வந்தது.

அந்நாளில் பம்பாய் நகரில் தாய்மார்களின் மரணம் மருத்துவர்களைக் கலங்க வைத்தது. துணி ஆலைகளில் கூலி வேலை செய்த பெண்களும், கூலிக் குடும்பங்களின் பெண்களும் கருவுற்ற பின் நாளுக்கு நாள் வெளுத்துப் போனார்கள். மூச்சு வாங்கியது; கால் வீங்கியது; நடக்க முடியாமல் படுத்தார்கள். பிள்ளைப் பேற்றுக்கு முன்போ, பெற்ற சில நாட்களிலோ பலர் இறந்தார்கள். தாயோடு பிள்ளையும் போனது. இந்தியாவில் நெடுங்காலம் பெண்களுக்கு மருத்துவப் பணி செய்த மார்கரெட் பால்ஃபோர் என்ற மருத்துவர், இதன் காரணத்தைக் கண்டறிய லூசி வில்ஸை அழைத்தார். 1928ஆம் ஆண்டு லூசி பம்பாய் வந்து, பரேல் பகுதியிலுள்ள ஹாஃப்கின் ஆய்வு நிறுவனத்தில் பணியைத் தொடங்கினார்.

இந்த இரத்தசோகை வழக்கமான ஒன்று அல்ல. இரும்புச் சத்து குறைந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் சிறுத்துப் போகும். இந்தத் தாய்மார்களின் சிவப்பணுக்களோ அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன. எண்ணிக்கையோ மிகக் குறைவு. பணுக்கள் வளர்கின்றன, ஆனால் பிரிந்து பெருகவில்லை என்பதே இதன் பொருள். இதைப் போன்ற வேறொரு இரத்தசோகைக்கு ஈரலை உண்ணக் கொடுப்பது நல்ல மருந்து என்று அமெரிக்க மருத்துவர்கள் 1926ஆம் ஆண்டில் கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் பம்பாயில் கண்ட நோயின் குணங்கள் அதனோடு முழுவதும் ஒத்துப்போகவில்லை.

நோய் என்றால் கிருமி என்று எண்ணிய காலம் அது. லூசியும் முதலில் குடலில் ஏதேனும் கிருமி இருக்கிறதா என்று தேடினார். நோயுற்ற பெண்களையும் நலமான பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கிருமி காரணமாகத் தெரியவில்லை. அதன் பிறகு அவர் செய்ததுதான் நம் சிந்தனைக்குரியது. அந்தப் பெண்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். எந்தச் சமூகத்தில் என்ன உணவு, வசதி உள்ள வீட்டில் என்ன, இல்லாத வீட்டில் என்ன என்று கணக்கெடுத்தார். விடை அங்கே கிடைத்தது. பாலும் காய்கறியும் கீரையும் பழமும் எட்டிப் பார்க்காத வீடுகளில்தான் இந்த நோய் அதிகம். வறுமையில் வாடிய இஸ்லாமியப் பெண்களிடம் இது மிகுதியாகக் காணப்பட்டது. அதே நகரத்தில் நன்றாக உண்ட பெண்களிடம் இது அரிது.

உணவில் ஏதோ ஒன்று குறைகிறது என்பது தெரிந்தது. அது எது என்று கண்டறிய வேண்டும். பம்பாய்ப் பெண்களின் உணவைப் போன்ற உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1929ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் தங்கிப் பணியாற்றினார். இந்திய மக்களின் உணவைப் பற்றிய ஆய்வுக்கு வித்திட்ட இராபர்ட் மெக்காரிசன் அங்கே உணவியல் ஆய்வுக்குத் தலைமை ஏற்றிருந்தார். பல்லடத்திலிருந்து கோவை, மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறினால் சில மணி நேரத்தில் நாம் சென்றுவிடும் குன்னூரில், சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இன்றும் அந்த நிறுவனம் இருக்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்துக்காக அதை அறிந்தவர்கள் பலர். தாய்மார்களின் நலனுக்காகவும் அங்கே வேலை நடந்தது என்பதை அறிந்தவர்கள் சிலரே.

எலிகளில் செய்த சோதனை தடுமாறியது. அவற்றின் உடலில் இருந்த பேன் பரப்பிய ஒரு கிருமித் தொற்றும் இரத்தசோகையை உண்டாக்கியதால், எது உணவால் வந்தது, எது தொற்றால் வந்தது என்று பிரித்தறிய முடியாமல் போயிற்று. லூசி மனம் தளரவில்லை. குரங்குகளைக் கொண்டு சோதனையைத் தொடர்ந்தார். சத்தில்லாத உணவால் மிகவும் நலிந்து, சாகும் நிலையில் இருந்த ஒரு குரங்குக்கு மார்மைட் என்ற பொருளைக் கொடுத்துப் பார்த்தார். பீர் தயாரிக்கும் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யப்பட்டு, ரொட்டியில் தடவிச் சாப்பிடப்படும் மலிவான உணவுப் பொருள் அது. இலங்கையில் இன்றும் பல வீடுகளில் அதைக் காணலாம். அந்தக் குரங்கு வியக்கத்தக்க விதத்தில் பிழைத்து எழுந்தது.

அதே பொருளை நோயுற்ற தாய்மார்களுக்குக் கொடுத்தார். சில நாட்களிலேயே அவர்களுக்குப் பசி எடுத்தது. இரத்தத்தில் புதிய சிவப்பணுக்கள் பெருகத் தொடங்கின. கையை விட்டுப் போனவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் எழுந்து நடந்தார்கள். 1931ஆம் ஆண்டு சென்னைத் திருவல்லிக்கேணி கோஷா மருத்துவமனையிலும் அவர் பணி தொடர்ந்தது. ஆண் மருத்துவரிடம் செல்ல விரும்பாத பெண்களுக்காக 1885இல் தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனைதான் இன்று அரசு கஸ்தூரிபா காந்தி தாய் சேய் நல மருத்துவமனையாக விளங்குகிறது. அந்த 1931ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் லூசியின் கட்டுரை வெளிவந்தது. விலை உயர்ந்த ஈரல் சாறு வாங்க வழியில்லாத ஏழைத் தாய்க்கும் மருந்து உண்டு என்று உலகம் அறிந்தது.

ஈஸ்டில் இருந்த அந்தச் சத்து என்ன என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அதை வில்ஸ் காரணி என்று அவர் பெயராலேயே மருத்துவ உலகம் அழைத்தது. 1937ஆம் ஆண்டு அவர் மீண்டும் பம்பாய் வந்து ஆய்வைத் தொடர்ந்தார். சுத்திகரிக்கப்படாத ஈரல் சாறு இந்த நோயைக் குணமாக்கியது. நன்கு சுத்திகரித்த சாறு குணமாக்கவில்லை. எனவே ஈரலில் இரண்டு வெவ்வேறு சத்துகள் இருக்கின்றன, சுத்திகரிக்கும்போது அவற்றில் ஒன்று போய்விடுகிறது என்பது விளங்கியது. பிற்காலத்தில் பி12 என்றும் ஃபோலிக் அமிலம் என்றும் பெயர் பெற்றவை அவையே. 1941ஆம் ஆண்டு அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பசலை போன்ற கீரை வகை ஒன்றிலிருந்து ஃபோலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார்கள். சில ஆண்டுகளில் அதைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியையும் லெடர்லே ஆய்வுக்கூடம் கண்டது. அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இந்தியத் தாய்மாரின் நோயில் தொடங்கிய தேடல் ஓர் இந்தியரின் கையால் மாத்திரையாக வடிவம் பெற்றது.

இவை எல்லாம் தாயைக் காப்பாற்றிய வரலாறு. பிள்ளையைக் காப்பாற்றிய வரலாறு அதன் பிறகே முழுமையாகத் தெரிய வந்தது. கரு உருவான முதல் 28 நாட்களுக்குள் குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான குழாய் மூடிக்கொள்ள வேண்டும். அது சரியாக மூடாவிட்டால் முதுகில் தண்டுவடம் பிளந்த நிலையிலோ, மூளையும் மண்டை ஓடும் முழுமை பெறாமலோ குழந்தை பிறக்கும். இத்தகைய குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்மார்களைக் கொண்டு ஏழு நாடுகளில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு 1991ஆம் ஆண்டு வெளிவந்தது. கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டவர்களிடம் அந்தக் குறைபாடு மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைந்தது. லூசி வில்ஸ் அதைக் காண உயிரோடு இல்லை. ஆனால் அவர் திறந்த கதவின் வழியாகத்தான் அந்த அறிவு வந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது அந்த 28 நாட்கள் என்ற கணக்கு. மாதவிலக்கு தள்ளிப்போய், சந்தேகம் வந்து, பரிசோதனை செய்து உறுதியாவதற்குள் பல பெண்களுக்கு அந்த நாட்கள் கடந்துவிடுகின்றன. ஆகவே கரு நிலைத்த செய்தி கேட்டபின் சத்துள்ள உணவைத் தொடங்கலாம் என்பது தாமதமான முடிவு. திருமணத்துக்கு முன்பே, மகள் பள்ளிக்குச் செல்லும் வயதிலேயே தொடங்க வேண்டிய காரியம் இது. பள்ளிகளில் வாரம் ஒரு முறை வழங்கப்படும் நீல நிற மாத்திரையின் நோக்கமும் இதுவே.

குறைமாதக் குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 37 வாரம் நிறையும் முன் பிறப்பது குறைமாதப் பிறப்பு. இரண்டரைக் கிலோவுக்குக் கீழ் இருந்தால் எடை குறைந்த குழந்தை. இதற்குக் காரணங்கள் பல. ஃபோலிக் அமிலம் ஒன்றே இதைத் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் தாய்க்குக் கடுமையான இரத்தசோகை இருந்தால் குழந்தை முன்கூட்டியே பிறக்கவும் எடை குறையவும் வாய்ப்பு கூடுகிறது. பிறந்த பிறகு குழந்தையைக் காப்பாற்ற இன்று வெப்பப் பெட்டியும், தாயின் மார்போடு அணைத்து வளர்க்கும் கங்காரு முறைப் பராமரிப்பும் இருக்கின்றன. அவை தேவையானவை, பல உயிர்களைக் காப்பவை. பிறக்கும் முன்பே குழந்தையைக் காக்கும் வழியோ தாயின் தட்டில் இருக்கிறது. லூசி வில்ஸின் வாழ்வு நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்.

அவரது இறுதிக் காலமும் எளிமையானது. இரண்டாம் உலகப் போரின்போது குண்டு வீச்சுக்கு நடுவில் இலண்டனில் பணியாற்றினார். 1944ஆம் ஆண்டு ராயல் ஃப்ரீ மருத்துவமனை மீதே குண்டு விழுந்து பலர் இறந்தார்கள். ஆய்வுக்கூடத்தின் வேலை சில நாட்கள் நின்று, மீண்டும் தொடங்கியது. 1947ஆம் ஆண்டு ஓய்வு பெற்ற பின்னும் ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று பயணம் செய்து ஏழை மக்களின் உணவையும் இரத்தசோகையையும் கவனித்து வந்தார். கடைசி ஆண்டுகளில் இலண்டன் செல்சீ பகுதியின் உள்ளாட்சி மன்ற உறுப்பினராக மக்கள் பணி செய்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் மறைந்தார். பெரிய விருதுகள் அவரைத் தேடி வரவில்லை. வில்ஸ் காரணி என்ற பெயரும் காலப்போக்கில் வழக்கொழிந்தது.

அன்புக்குரியவர்களே, இப்போது நம் ஊரைப் பார்ப்போம். பம்பாய் ஆலைப் பெண்களின் காலம் போய்விட்டது. ஆனால் நூற்பாலையிலும் விசைத்தறிக் கூடத்திலும் பனியன் கம்பெனியிலும் வேலை செய்யும் நம் பெண்களின் முகங்களை உற்றுப் பார்த்தால் வெளுப்பு தெரிகிறது. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. கருவுற்ற பெண்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது உண்டு. இன்று பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவே முதல் காரணம் என்றாலும், தட்டில் குறைவது ஏறக்குறைய அதே பொருட்கள்தான்.

பணம் இல்லை என்பது மட்டும் இதற்குக் காரணம் இல்லை, நேரமும் இல்லை. கம்பெனி வண்டி காலையிலேயே வந்துவிடுகிறது. வீட்டில் எல்லோருக்கும் சமைத்து டப்பாவில் அடைத்தவர், தான் சாப்பிடாமல் ஓடுகிறார். பத்து மணிக்கு ஒரு டீயும் பன்னும். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு மதிய உணவு நேரம்கூடக் கூலியை இழக்கும் நேரமாகத் தெரிகிறது. இரவில் எல்லோரும் உண்ட பின் மீதம் இருப்பதை உண்கிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பிழைக்க வந்து, லைன் வீடுகளில் தங்கியிருக்கும் இளம் பெண்களின் நிலை இன்னும் கடினம். மொழி தெரியாததால் சுகாதார நிலையத்துக்குப் போவதற்கே பலர் தயங்குகிறார்கள்.

நம் மண்ணில் மருந்துக்குக் குறைவில்லை. வாசலில் முருங்கை நிற்கிறது. அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பச்சைப்பயறும் தட்டைப்பயறும் நிலக்கடலையும் நம் கொங்கு மண்ணின் விளைச்சல். கறிக்கோழிக்குப் பேர் பெற்ற ஊர் நம் பல்லடம். கோழி ஈரலில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் நிறைந்திருக்கின்றன. ஆயினும் கருவுற்றவர்கள் ஈரலை அளவோடு, மருத்துவரைக் கேட்டு உண்பது நல்லது. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் ஃபோலிக் அமிலமும் அந்த நீரோடு போய்விடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச் சத்து உடலில் சேருவது குறையும்.

மாத்திரையைப் பற்றியும் சில பயங்கள் நம்மிடையே உண்டு. குழந்தை கறுப்பாகப் பிறக்கும், வயிற்றில் பெரிதாக வளர்ந்து பிரசவம் சிரமமாகும் என்று பெரியவர்கள் சொல்லி, மருமகள் மாத்திரையை விட்டுவிடுகிறார். அப்படி எதுவும் நடப்பதில்லை. மலம் கறுப்பாகப் போவது இயல்பு. குமட்டல் இருந்தால், இரவு சாப்பிட்ட பின் எடுத்துக்கொள்ளலாமா என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்கலாம். தண்டுவடக் குறையோடு ஒரு குழந்தை பிறந்து இறந்த வீடு என்றால், அடுத்த கருவுக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அத்தகைய தாய்க்கு ஃபோலிக் அமிலம் கூடுதல் அளவில் தேவைப்படும். அந்தக் குழந்தையின் இறப்பைச் சாபம் என்றும் தாயின் பாவம் என்றும் பேசும் வாய்களை நாம் அடைக்க வேண்டும். சத்துக் குறைவுக்குப் பாவம் என்று பெயர் வைப்பது அநியாயம்.

லூசி வில்ஸ் வேறு நாட்டவர், வேறு மொழி பேசியவர். இருந்தும் நம் நாட்டு ஏழைப் பெண் வெளுத்துக் கிடந்தபோது, அவள் விதி என்று கடந்து போகவில்லை. நீ என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் ஃபோலிக் அமில மாத்திரை. அதே கேள்வியைக் கேட்க நமக்கு மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை. மாமியார் மருமகளிடம் கேட்கலாம். கணவர் மனைவியிடம் கேட்கலாம். ஆலை விடுதியின் மேலாளர் அங்கே தங்கியிருக்கும் பெண்களிடம் கேட்கலாம். பக்கத்து லைன் வீட்டில் இருக்கும் வெளிமாநிலச் சகோதரியிடம் சைகையிலாவது கேட்கலாம். நாளைக் காலை கம்பெனி வண்டி வாசலில் வந்து நிற்கும்போது, நம் வீட்டுப் பெண் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறுகிறாளா என்று பார்ப்போம். அவள் சாப்பிடும் வரை வண்டி இரண்டு நிமிடம் நிற்கட்டும்.